நூற்றில் ஒன்றும் தலையெழுத்தும்

இடர் வந்துற்ற நேரத்தில் மனிதன் வாயில் இரண்டு சொற்கள் பிறக்கின்றன. ஒன்று, "ஏன் வந்தது?" என்னும் வினா. மற்றொன்று, "எல்லாம் விதி" என்னும் விடை. முன்னது அறிவின் தொடக்கம்; பின்னது அறிவின் முடிவு. வினா பிறந்த மறுகணமே விடை வந்து அதன் கழுத்தை நெரித்துவிடுகிறது. அதனால்தான் ஆயிரம் முறை இடர்ப்பட்டும் ஒரு முறைகூடப் பாடம் பெறாத மக்களாக நாம் நெடுங்காலம் இருந்துவிட்டோம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாட்களில் பொருநைக் கரையில் நேர்ந்ததை நாடறியும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையை விட அது மிகுதி. ஓராண்டின் மழை ஒரே நாளில்! திருச்செந்தூரும் திருவைகுண்டமும் தத்தளித்தன. சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்கெல்லாம் சந்தையாகவும் கடைத்தெருவாகவும் விளங்கும் ஏரலுக்குள் ஆறு புகுந்தது. கடைகளில் இருந்த சரக்கு சேறாயிற்று. ஆற்றுப் பாலத்தின் இணைப்புச் சாலை அரித்துச் செல்லப்பட்டது. ஊர் தனித்து நின்றது.

அன்று எத்தனை வாய்கள் "விதி" என்றன! "நம் தலையெழுத்து" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டின எத்தனை விரல்கள்! உழைத்துச் சேர்த்ததை ஓர் இரவில் இழந்தவன் ஆறுதலுக்காக உதிர்த்த சொல் அது. அவனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் அந்தச் சொல் அவனுக்கு ஆறுதல் தந்ததைவிட, அணையையும் கரையையும் வடிகாலையும் பேணக் கடமைப்பட்டவர்களுக்கு விடுதலை தந்தது. விதி செய்த குற்றத்துக்கு மனிதனிடம் கணக்குக் கேட்க முடியாதல்லவா?

விதி என்றால் எல்லாம் முன்பே முடிவானது. நாம் செய்ய ஏதுமில்லை. தற்செயல் என்றால் எதற்கும் ஒழுங்கில்லை. அப்போதும் நாம் செய்ய ஏதுமில்லை. இந்த இரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றுண்டு. எது எப்போது நிகழும் என்று சொல்ல இயலாதபோதும், எத்தனைக்கு எத்தனை முறை நிகழும் என்று அளந்து, அந்த அளவுக்கேற்ப நடந்துகொள்வது. கணித நூலார் இதை நிகழ்தகவு என்பர். பள்ளிப் பாடநூலின் கடைசிப் பக்கங்களில் பகடையோடும் நாணயத்தோடும் ஒடுங்கிக் கிடக்கும் இந்தக் கணக்கு, உண்மையில் மனித வாழ்வின் அறநூல்களுள் ஒன்று. அதை எடுத்துக் காட்டவே இக்கட்டுரை.

கரையில் இருவர்

ஏரலுக்கு அண்மையில் உள்ளது கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக உலகம் அறிந்த ஊர். ஆறு சுமந்து வந்த மண்ணால் கடல் விலகிப் போக, இன்று வயல் சூழ்ந்த சிற்றூர். அந்தக் கடற்கரையின் முத்துக்குளிப்பு, வாய்ப்பு என்பதன் இயல்பை மனிதனுக்குக் கற்பிக்க அமைந்த பள்ளிக்கூடம் எனலாம். மூடிய சிப்பியைப் பாருங்கள்! உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து எவனும் சொல்ல முடியாது. அப்படியே மூடிய சிப்பிகளைத்தான் ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் விட்டார்கள். தம் பங்காகக் கிடைத்த சிப்பிகளைக் குளியாளிகள் கரையிலேயே சில்லறையாக விற்றார்கள். கூலிக்காரனும் கைக்காசைக் கொடுத்துச் சில சிப்பிகளை வாங்கிப் பிளந்து பார்த்தான்.

இக்கரையில் இரண்டு வகை மனிதர்கள் தொழில் நடத்தினர். முதலாமவர் சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டைக் கண்டெழுதிய மார்க்கோ போலோ, தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடலில் முத்துக் குளிப்போரைக் கொடிய மீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டும் பிராமணர்களைப் பற்றிக் குறித்திருக்கிறார். அவர்களுக்குக் கூலி, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு! மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கி, காதில் குருதி வழியச் சிப்பி எடுத்தவன் ஒருவன். கரையில் நின்று முணுமுணுத்துப் பங்கு பெற்றவன் மற்றொருவன். அதே பயணி இன்னொன்றும் சொல்கிறார்: பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் எவனும் திருட்டுத்தனமாக முத்துக் குளிக்கக் கூடாதல்லவா? சுறாவுக்குப் பகலில் பக்தி, இரவில் பசி!

மந்திரம் பலித்தது என்று மக்கள் நம்பியது ஏன்? சுறா ஆளைக் கடிப்பது அரிய நிகழ்ச்சி; நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே குதித்து ஆரவாரிக்கும் இடத்தை அது தானே தவிர்க்கும். எனவே மந்திரம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பெரும்பாலான நாட்களில் சுறா கடிக்காது. கடிக்காத நாளெல்லாம் மந்திரத்தின் வரவில் எழுதப்பட்டது. கடித்த நாள் குளியாளியின் பாவக் கணக்கில் எழுதப்பட்டது. மந்திரம் சொல்லாத நாட்களில் எத்தனை பேர் கடிபட்டனர் என்று எண்ணிப் பார்த்தவர் யார்? எண்ணிப் பார்த்திருந்தால் இருபதில் ஒரு பங்கு குளியாளியின் குடிசைக்கே போயிருக்கும்.

இரண்டாமவர் மாதிரி எடுப்பவர். பிற்காலத்தில் முத்துக்குளிப்பை நடத்திய அரசு, பருவம் தொடங்குமுன் கடலடிப் பார்களை ஆராய ஆள் அனுப்பிற்று. அவர்கள் பாரிலிருந்து ஒரு தொகைச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு மதிப்பு என்று கணக்கிட்டு, அது கட்டுபடியானால் குளிப்பை அறிவித்தார்கள். இல்லையேல் பாரை வளரவிட்டார்கள். இவர்கள் எந்தச் சிப்பியில் முத்து உண்டென்று அறிந்தவர்களல்லர். அறிந்ததாக ஏமாற்றவும் இல்லை. ஒரு சிப்பியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாதவன், ஆயிரம் சிப்பியைப் பற்றி ஓரளவு உறுதியோடு பேச முடியும் என்னும் உண்மையை அவர்கள் கையாண்டார்கள்.

1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. மந்திரக்காரரும் போனார், மாதிரி எடுப்பவரும் போனார். ஆனால் அவ்விருவரின் வழித்தோன்றல்கள் இன்றும் நம்மிடையே உலவுகின்றனர். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பங்கு கேட்பவர் ஒரு வகை. "எண்ணிப் பார்ப்போம்" என்று சொல்லி உழைப்பவர் மற்றொரு வகை. யார் சொல்லைக் கேட்பது என்பதே நம் முன் உள்ள கேள்வி.

நியாயத்தில் பிறந்த கணக்கு

பகடை உருட்டுவது நமக்குப் புதிதன்று. கீழடி மண்ணிலிருந்தும் பகடைக்காய் எடுத்திருக்கிறார்கள். நாட்டைப் பணயம் வைத்து, மனைவியையும் பணயம் வைத்து உருட்டிய கதையைப் புண்ணியக் கதை என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உருட்டினார்கள், உருட்டினார்கள், நூற்றாண்டுக் கணக்கில் உருட்டினார்கள். ஆறு எத்தனை முறை விழுந்தது என்று எண்ணும் எண்ணம் மட்டும் நெடுங்காலம் எவருக்கும் எழவில்லை. விழுந்தால் கடவுள் கருணை. விழாவிட்டால் சகுனியின் சூழ்ச்சி!

எண்ணத் தொடங்கியவர்கள் ஐரோப்பியர். 1654ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான பாஸ்கலும் பெர்மாவும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட மடல்களில் இக்கலை உருப்பெற்றது. அவர்கள் ஆராய்ந்த சிக்கல், எப்படி வெல்வது என்பதன்று. எப்படிப் பங்கிடுவது என்பது. சம திறன் உள்ள இருவர் சம பணம் வைத்து ஆடுகிறார்கள். ஆட்டம் நடுவில் நின்றுவிடுகிறது. முதலாமவனுக்கு வெற்றி பெற இன்னும் ஓர் ஆட்டம் வேண்டும். இரண்டாமவனுக்கு இன்னும் இரண்டு வேண்டும். பணத்தை எப்படிப் பிரிப்பது? "முழுதும் எனக்கே" என்பான் முதலாமவன். "பாதி கொடு" என்பான் இரண்டாமவன். இருவர் சொல்வதும் முறையன்று. மேலும் இரண்டு ஆட்டம் ஆடியிருந்தால் நான்கு வகையில் முடியலாம். நான்கும் சம வாய்ப்புள்ளவை. மூன்று வகையில் முதலாமவன் வெல்வான். இரண்டையும் வென்றால் மட்டுமே இரண்டாமவன் வெல்வான். ஆகவே நான்கில் மூன்று பங்கு முன்னவனுக்கு, ஒரு பங்கு பின்னவனுக்கு.

வராத நாளைப் பற்றி, நடக்காத ஆட்டத்தைப் பற்றி, இருவரும் ஒப்பும்படி நியாயம் சொல்ல முடிந்தது! வலியவன் குரலுக்கும் இடமில்லை. குருக்களின் வாக்குக்கும் இடமில்லை. நிகழ்தகவு பிறந்ததே நடுவுநிலைமையின் மடியில்தான். 1713ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் யாக்கோபு பெர்னூலி இதை மேலும் வளர்த்தார். நிகழ்ச்சிகளை மிகப் பல முறை எண்ணினால், எண்ணிக் கண்ட விகிதம் உண்மை விகிதத்தை நெருங்கும் என்று நிறுவினார். முத்துப்பாரில் மாதிரி எடுத்தவன் அறிந்தோ அறியாமலோ நம்பியது இந்த விதியைத்தான். இதுவும் விதிதான், தோழர்களே! ஆனால் நெற்றியில் எழுதிய விதியன்று. நேர்மையாய் எண்ணுவோர்க்கெல்லாம் புலப்படும் விதி.

ஐந்தாவது குழந்தை

நம் வீடுகளுக்கு வருவோம். செம்பூவையும் வெண்பூவையும் தனித்தனியே இலையில் மடித்துக் கட்டி, சாமி முன் போட்டு, சிறுபிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. பூக்கட்டிப் பார்த்தல் என்பர். வெள்ளை வந்தால் நலம். சிவப்பு வந்தால் ஆகாது. இரண்டு பொட்டலத்தில் ஒன்று. இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு, அவ்வளவே. மகளின் திருமணம், மகனின் வேலை, நோயாளிக்கு அறுவை செய்வதா வேண்டாமா என்பவையெல்லாம், நாணயத்தைச் சுண்டுவதற்குச் சற்றும் மேற்படாத ஒன்றால் முடிவாகின்றன. மருத்துவர், "நூறு பேரில் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள்" என்று சொன்ன பிறகு, அந்தத் தொண்ணூறை ஐம்பதாக்கிக்கொள்வதற்கா பூக்கட்டுவது?

இதைவிடக் கொடிது ஒன்றுண்டு. நான்கும் பெண்ணாய்ப் பிறந்த வீட்டில், "இனி ஆண்தான், கணக்குப்படி ஆண்தான்" என்று ஐந்தாவது மகப்பேற்றுக்கு ஒரு தாயை உந்துகிறார்கள். எந்தக் கணக்கு? கருவுக்கு முன்னைய கருக்களின் நினைவு உண்டா? நாணயத்துக்கு முன்பு விழுந்த பக்கம் நினைவிருக்குமா? நான்கு பேறும் பெண்ணாய் அமையும் வாய்ப்பு ஏறத்தாழப் பதினாறில் ஒன்று. அது வியப்புமன்று, சாபமுமன்று. பதினாறு வீடுகள் உள்ள தெருவில் ஒரு வீட்டில் காணக்கூடிய எளிய செய்தி. அந்த நான்கும் நடந்து முடிந்த பின்பு, ஐந்தாவதில் ஆண் பிறக்கும் வாய்ப்பு முன்போலவே ஏறத்தாழப் பாதிதான். ஒரு துளி கூடவில்லை. ஒரு துளி குறையவில்லை.

ஐந்தாவதும் பெண்ணானால் பழி யார் மேல்? தாய் மேல்! குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையின் உயிரணுவைப் பொறுத்தது என்று உயிரியல் உரைக்கிறது. தாயின் கையிலும் இல்லை. தந்தையின் விருப்பத்திலும் இல்லை. இருந்தும் அவளை ஏசினார்கள், ஒதுக்கினார்கள், அவளுக்கு மாற்றாக மற்றொருத்தியை மணந்தார்கள். இரண்டில் ஒன்று என்னும் எளிய கணக்கை அறியாத பேதைமை எத்தனை பெண்களின் வாழ்வைத் தின்றிருக்கிறது! கணக்கறியாமை அறியாமை மட்டுமன்று; சில வேளைகளில் அது கொடுமை.

இருபத்தேழில் நான்கு

இனிச் சாதகக் கட்டுக்கு வருவோம். இருபத்தேழு நட்சத்திரம் என்கிறார்கள். மூலத்தில் பிறந்தவள் மாமனாருக்கு ஆகாதவள். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. கேட்டை கணவனின் அண்ணனுக்கு ஆகாது. விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது. இருபத்தேழில் நான்கு! ஏறத்தாழ ஏழு பெண்களில் ஒருத்தி, பிறந்த நாளிலேயே கொலைகாரி என்று முத்திரை குத்தப்படுகிறாள். பிறந்த நாளைத் தேர்ந்துகொள்ளாத குழந்தைக்குப் பிறப்பின் பேரால் தண்டனை. சாதிக் கொடுமையும் இதுதானே? இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள்.

"ஆனால் கண்ணாரக் கண்டோமே! மூலத்துப் பெண் வந்தாள். மூன்றாம் ஆண்டு மாமனார் மாண்டாரே!" என்பார் உண்டு. அவர்களுக்கு விடை சொல்வது கடினமன்று. மணமகளை வரவேற்கும் மாமனாருக்கு ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். அந்த வயதினரில் பத்து ஆண்டுக்குள் பத்துப் பேருக்கு ஒருவர் இறப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 2,700 மணமக்களை எடுத்துக்கொண்டால், மூலத்தில் பிறந்தவர் ஏறத்தாழ 100 பேர். அவர்களில் 10 பேரின் மாமனார் பத்தாண்டுக்குள் இறப்பார். மற்ற நட்சத்திரங்களில் பிறந்த 2,600 பேரில் 260 பேரின் மாமனார் இறப்பார். ஊர் அந்தப் பத்தைப் பேசும். இருநூற்று அறுபதைப் பேசாது. மூலத்துப் பெண் வந்த பின்னும் நலமாய் வாழும் தொண்ணூறு மாமனார்களை எண்ணவே எண்ணாது. எண்ணாமல் விட்ட எண்களின் மீதுதான் சோதிடம் தன் கூடாரத்தை அடித்திருக்கிறது.

செவ்வாய்த் தோஷத்தையும் பார்த்துவிடுவோம். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது தமிழ்நாட்டுச் சோதிடர் வழக்கு. பன்னிரண்டு வீட்டில் ஐந்து! நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர் தோஷக்காரர். இலக்கினத்திலிருந்து மட்டுமன்றிச் சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று சொல்பவர் உண்டு. ஒவ்வொன்றிலும் தப்பும் வாய்ப்பு பன்னிரண்டில் ஏழு; மூன்றிலும் தப்பும் வாய்ப்பு, மூன்றையும் பெருக்கிப் பார்த்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதாவது ஐந்து பேரில் நால்வர் தோஷக்காரர்! நாட்டில் ஐந்தில் நான்கு பேருக்கு உள்ளது நோயா, இயல்பா? இப்படிப் போனால் தொழிலே நடவாது என்று உணர்ந்துதான், "இன்னின்ன இடத்தில் இருந்தால் நிவர்த்தி" என்று விதிவிலக்குகளை அடுக்கினார்கள். வலையையும் அவர்களே வீசினார்கள். ஓட்டையையும் அவர்களே போட்டார்கள். ஓட்டையைக் காட்டுவதற்குக் கட்டணமும் அவர்களே பெற்றார்கள். இடையில் முதிர்கன்னியாய் நின்றவள் மட்டும் நம் வீட்டுப் பெண்.

பரிசும் பறிப்பும்

பிறர் குற்றம் பேசும்போது நம் குற்றத்தையும் பேச வேண்டும். 1968ஆம் ஆண்டில், அறிஞர் அண்ணா முதலமைச்சராய் இருந்த காலத்தில், தமிழக அரசே பரிசுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. திரண்ட பணம் நலப்பணிக்கு என்பது நல்லெண்ணந்தான். ஆனால் கணக்கு நல்லெண்ணத்துக்கு வளைந்து கொடுக்காது. பத்து இலட்சம் சீட்டை ஒரு ரூபாய் வீதம் விற்று, ஐந்து இலட்சம் ரூபாயைப் பரிசாகப் பகிர்ந்தால், ஒவ்வொரு சீட்டின் உண்மை மதிப்பு ஐம்பது காசு. ஐம்பது காசுப் பொருளை ஒரு ரூபாய்க்கு வாங்குபவன் யார்? மாடி வீட்டில் இருப்பவனல்லன். மாற வழி வேறில்லை என்று எண்ணும் ஏழை. வாங்க வாங்க அவன் இழப்பு உறுதிப்படுகிறது; பெர்னூலியின் விதி அவனுக்கு எதிராகவே நிற்கிறது. பல குடும்பங்கள் குலைந்த பின்னரே, 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு தடை செய்யப்பட்டது.

கடைத்தெருவில் மூடிய கடை கைப்பேசிக்குள் திறந்தது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்ட முன்வரைவைத் தமிழகச் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றியது. 2023இல் மீண்டும் நிறைவேற்றிய பிறகே ஆளுநரின் ஒப்புதல் கிட்டிற்று. சட்டம் வேண்டும், ஆனால் சட்டத்தைவிட வலிய காவல், "இவ்வாட்டத்தை நடத்துபவன் எதில் வாழ்கிறான்?" என்று கேட்கும் அறிவு. ஆடுவோர் எல்லோரும் சேர்ந்து வைத்த பணத்தில் தன் பங்கை எடுத்துக்கொண்டுதானே அவன் மீதியைத் தருகிறான்? அப்படியானால் ஆடுவோர் எல்லோரும் சேர்ந்து இழக்கிறார்கள் என்பது உறுதி. "எனக்கு மட்டும் விழும்" என்பதும் "எனக்கு மட்டும் விதி" என்பதும் ஒரே பேதைமையின் இரு முகங்கள்.

ஒரு வினாவும் விடையும்

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "விதியை ஒழித்தீர், அதனிடத்தில் வாய்ப்பு என்னும் புதுக் கடவுளை உட்கார வைத்தீர். உம்முடைய கணக்கும் உறுதி ஒன்றும் சொல்லவில்லையே! நூறில் தொண்ணூறு பிழைப்பர் என்றால், என் பிள்ளை அந்தப் பத்தில் இருந்தால் உம் கணக்கு எனக்கு எதற்கு?"

நேர்மையான கேள்வி. இறந்த பிள்ளையின் தாய்க்கு எந்த எண்ணும் ஆறுதலாகாது. ஆகும் என்று சொல்பவன் மனிதனல்லன். ஆனால் விதிக்கும் வாய்ப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். விதி மாறாதது, வாய்ப்பு நம் செயலால் மாறுவது. அம்மை நோய் அம்மனின் சினம் என்று வேப்பிலை கட்டிக் காத்திருந்த காலத்தில் குவியல் குவியலாய் மாண்டோம். தடுப்பூசியை ஏற்றுக்கொண்டோம், 1977ஆம் ஆண்டில் இந்தியா பெரியம்மை அற்ற நாடென்று அறிவிக்கப்பட்டது. எந்த ஒரு குழந்தை பிழைக்கும் என்று தடுப்பூசி போட்டவர் அறியார். இறக்கும் வாய்ப்பை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் அது சுழியாயிற்று. அம்மன் மலையேறவில்லை, எண் இறங்கிற்று.

வள்ளுவரும் ஊழ் என்று ஓர் அதிகாரம் வைத்தார்; ஆனால் அதோடு நில்லாமல் ஆள்வினையுடைமை என்று மற்றோர் அதிகாரம் வைத்தார்; சூதைக் கடிந்தும் ஓர் அதிகாரம் வைத்தார். முயற்சிக்கு எல்லை உண்டென்பதை அறிவது வேறு. எல்லைக்கு முன்பே படுத்துவிடுவது வேறு.

நூற்றாண்டு வெள்ளம்

இப்போது பொருநைக் கரைக்குத் திரும்புவோம். "இது நூற்றாண்டு வெள்ளம்" என்று சொல்லக் கேட்ட மக்கள், "அப்படியானால் இனி நூறாண்டுக்குக் கவலையில்லை" என்று பொருள் கொண்டனர். ஐந்தாவது குழந்தை ஆண்தான் என்ற அதே பிழை! நூற்றாண்டு வெள்ளம் என்றால் ஒவ்வோராண்டும் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றே பொருள். சென்ற ஆண்டு வந்ததால் இந்த ஆண்டு வராமல் இருக்க வெள்ளம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

நூற்றில் ஒன்று சிறிது என்று எண்ணாதீர்கள். ஓராண்டில் தப்பும் வாய்ப்பு நூற்றில் தொண்ணூற்றொன்பது. முப்பது ஆண்டும் தொடர்ந்து தப்பும் வாய்ப்பு, அதையே முப்பது முறை பெருக்கினால், நூற்றில் எழுபத்து நான்காகக் குறைகிறது. அதாவது முப்பது ஆண்டுக் கடனில் கட்டிய வீட்டை, கடன் தீருமுன் அவ்வெள்ளம் ஒரு முறையேனும் தொடும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்கும் சற்று மேல். எழுபதாண்டு வாழ்பவன் அதைக் காணும் வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல்! பொருநையில் 1992ஆம் ஆண்டிலும் பெருவெள்ளம் வந்தது. முப்பத்தோராண்டில் மீண்டும் வந்தது. "யாரும் எதிர்பாராதது" என்ற சொல் இங்கே செல்லாது. எந்த நாள் என்பதை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. என்றேனும் என்பதை எல்லோரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். மேலும், கடல் சூடேறி வரும் இந்நாளில், பழைய எண்ணிக்கையை அப்படியே நம்பவும் கூடாது. பகடையின் முகங்களே மாறிவரும் காலம் இது. நூற்றில் ஒன்று என்று நேற்று எழுதியதை இன்று மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணினால் என்ன பயன் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்றுண்டு. 1922ஆம் ஆண்டில் வடவங்காளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, நீரைத் தேக்கி நிறுத்தப் பெரும்பொருட் செலவில் நீர்நிலைகள் கட்ட வேண்டும் என்றனர் வல்லுநர். பிரசாந்த சந்திர மகலனோபிசு ஏறத்தாழ ஐம்பதாண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் எடுத்துப் பார்த்து, அந்தத் தேக்கங்களால் பயனில்லை, வெள்ளம் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார்.

அயல்நாட்டுச் சான்று இன்னும் எண்ணத்தக்கது. 1953ஆம் ஆண்டில் வடகடல் பொங்கி நெதர்லாந்தில் 1,800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிறித்துவ நாடுதான், ஆனால் ஆண்டவன் சித்தம் என்று அவர்கள் அமரவில்லை. குழு அமைத்தார்கள், கணக்கறிஞரை அழைத்தார்கள், மக்கள் செறிந்த மையப் பகுதிக்குப் பத்தாயிரம் ஆண்டில் ஒரு முறை வரக்கூடிய நீர்மட்டத்தைத் தாங்கும் கரை வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எவ்வளவு இடரை ஒரு சமுதாயம் தாங்கிக்கொள்வது, எவ்வளவு செலவிட்டு அதைக் குறைப்பது என்பதை மக்களாட்சி வெளிப்படையாகத் தீர்மானித்தது. அதுதான் பகுத்தறிவு அரசியல்.

பானைக்கு வெளியே

கடைசியாக ஒன்று. வாய்ப்பு எல்லோருக்கும் சமமாகவா பங்கிடப்படுகிறது?

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பெருமையோடு பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். சூழ்ச்சிக்கு இடமில்லாத, சம வாய்ப்புள்ள நல்ல முறைதான். ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போயிற்று? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வேதக் கல்வி வேண்டும். அந்நிலத்தை உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. உள்ளே இருந்தவர்க்குச் சம வாய்ப்பு. வெளியே நின்றவர்க்குச் சுழி! குலுக்கியது நேர்மையாகத்தான், கொள்ளை நடந்தது குலுக்குமுன்.

வெள்ளத்திலும் அதுவே நடக்கிறது. மழை எல்லோர் கூரைமேலும் ஒன்றாகவே பெய்கிறது. ஆனால் மேட்டில் கல்வீடு யாருடையது? பள்ளத்தில் குடிசை யாருடையது? ஊருக்கு ஒதுக்குப்புறமான தாழ்நிலத்தில் ஒரு மக்களைத் தலைமுறை தலைமுறையாகக் குடிவைத்தது வானமா? மேட்டுக்குடிக்கு நூற்றில் ஒன்றாய் இருக்கும் இடர், பள்ளத்துக் குடிக்குப் பத்தில் ஒன்றாகிறது. அந்த வேறுபாட்டை எழுதியது பிரமனல்லன், மனிதன். மனிதன் எழுதியதை மனிதன் அழிக்க முடியும். அழிக்காமல் இருப்பதற்காகத்தான் அதற்குத் தலையெழுத்து என்று பெயரிட்டு, அழிக்க முடியாத இடமான நெற்றியில் கொண்டுபோய் வைத்தார்கள்!

ஆகவே நாம் செய்யத்தக்கவை தெளிவு. ஆற்றோரத்து ஊர் ஒவ்வொன்றிலும் வெள்ளம் தொட்ட உயரத்தைக் கல்லில் பொறித்து நிறுத்துங்கள். அந்தக் கல் பேசும் உண்மையை எந்தச் சோதிடனும் பேசமாட்டான். வாய்க்காலும் வடிகாலும் தூர்க்கப்பட்டால் அதைக் குறைகேட்பாகச் சொல்லாதீர்கள். ஊராரின் உயிர்க்கணக்கில் எண்ணைக் கூட்டிய குற்றமென்று கேளுங்கள். இழப்பு எவர் மீது விழும் என்று முன்னறிய முடியாததாலேயே, அதை எல்லோரும் பகிர்ந்து தாங்கும் காப்பீட்டையும் அரசின் துணையையும் உரிமையாகக் கேளுங்கள். பெண் பார்க்கப் போகும்போது கட்டத்தைக் கேட்காதீர்கள், கல்வியைக் கேளுங்கள். பிள்ளைக்குப் பகடையைக் கொடுங்கள். பணம் வைக்க அன்று, அறுநூறு முறை உருட்டி எண்ணி எழுத! ஏறத்தாழ நூறு முறை ஆறு விழுவதைத் தன் கண்ணால் கண்ட பிள்ளை, எந்த மந்திரக்காரனுக்கும் இருபதில் ஒரு பங்கு கொடுக்காது.

நாளை என்ன நடக்கும் என்று அறிந்தவன் எவனுமில்லை. அறிந்தேன் என்பவன் ஏய்ப்பவன். அறிய வேண்டியதே இல்லை என்பவன் ஏமாந்தவன். அறிந்த அளவை அளந்து, அளந்த அளவுக்கு ஆயத்தமாகி, வந்த இழப்பை வகிர்ந்து சுமப்பவனே மனிதன். நூற்றில் ஒன்று நம் கையில் இல்லாமல் இருக்கலாம். அந்த ஒன்று வரும் நாளில் யாரும் தனியே நில்லாதபடி செய்வது நம் கையில்தான் இருக்கிறது.